இரட்டை எண் படங்கள்

“தம்பி, இந்தப் பெட்டிக்குள்ள ரெண்டு புரொசசர் இருக்கு எண்டுதானே சொல்லித் தந்தனீர்?”

“ஓம் அன்ரி. ஏன்?”

“ரெண்டும் வேலை செய்யுதோ எண்டு ஒருக்காப் பாரும்.”

றமேஷ் கையிலிருந்த திருகாணிச் சாவியைக் கீழே வைத்தான். வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில், சேலைக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது அவனுடைய கொம்பியூட்டர் திருத்தும் கடை. இரும்புப் படி ஏறிய மூச்சு இன்னும் அடங்காமல் யூஜினா மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொட்டாஞ்சேனையிலிருந்து இவ்வளவு தூரமும் அந்தக் கறுப்புப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டுதான் த்ரீவீலில் வந்திருந்தாள். “நோனா, பிள்ளைக்குச் சுகமில்லையோ?” என்று சாரதி சிங்களத்தில் பகிடிவிட்டதற்கு, “அரைவாசிக்குச் சுகமில்லை” என்று அவளும் சிங்களத்திலேயே பதில் சொல்லியிருந்தாள்.

“ஏன் அன்ரி, ஸ்லோவா இருக்கோ?”

“ஸ்லோவெண்டாப் பொறுக்கலாம். பொய் சொல்லுது.”

கைப்பையிலிருந்து ஒரு கடதாசியை எடுத்து விரித்தாள். திரையில் வந்ததை எழுத்துப் பிசகாமல் அதில் எழுதி வைத்திருந்தாள்: ‘முடிந்தது. பார்த்த படங்கள் 41,306. பொருந்திய முகம் 0.’

“இராஜநாயகம் அண்ணை தந்த டிஸ்க்கில எத்தினை படம்? எண்பத்திரண்டாயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு. நான் துறைமுகத்தில முப்பத்தொரு வருசம் கப்பலால இறங்கிற பெட்டியளை எண்ணிப் பதிஞ்சவள் தம்பி. பாதி இறக்கின கப்பலை முடிஞ்சுது எண்டு எழுதினா, அடுத்த நாள் வேலைக்கு வரவேண்டாம் எண்டுதான் சொல்லுவாங்கள்.”

றமேஷ் மனத்துக்குள் கணக்குப் போட்டான்.

“சரியாப் பாதி அன்ரி.”

“சரியாப் பாதிதான். ஒண்டு கூடவுமில்லை, குறையவுமில்லை. அதுதான் எனக்குப் பயமா இருக்கு.”

அந்தப் படங்கள் என்ன படங்கள் என்று றமேஷுக்குத் தெரியும். யூஜினாவின் தம்பி பிறெடி, 2008ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒருநாள், வெள்ளவத்தையில் கழுவக் கொடுத்த படங்களை எடுத்து வருகிறேன் என்று கொட்டாஞ்சேனை வீட்டிலிருந்து போனவன். அப்போது அவனுக்கு வயது முப்பத்தொன்று. ஸ்ரூடியோவுக்கு அவன் வரவேயில்லை. அந்த வருடங்களில் அப்படிப் போய்த் திரும்பாதவர்கள் பலர். யூஜினா ஏறாத பொலிஸ் இல்லை, நிற்காத வரிசை இல்லை. ஆனால் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கக் கோயில் திருநாளில் பிறெடியைக் கண்டதாக இரண்டு மூன்று பேர் வெவ்வேறு வருடங்களில் அவளிடம் சொல்லியிருந்தார்கள். எங்கே இருந்தாலும், புத்தி பேதலித்துப் போயிருந்தாலும், கோயில் திருநாளுக்கு அவன் வருவான் என்று அவளும் நம்பினாள். அந்தச் சனத்துக்குள் யாரைத் தேடுவது? வருடா வருடம் திருநாளைப் படம் பிடித்த இராஜநாயகம், வேலையை விட்டபோது, கேட்காமலேயே எல்லாப் படங்களையும் அவளிடம் கொடுத்தார். அவள் மூவாயிரம் படம்வரை கண்ணால் பார்த்தாள். அதற்குமேல் கண் விடவில்லை. முகத்தை முகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ப்ரோக்ராம் ஒன்றை றமேஷின் சிநேகிதன் முர்ஷித் எழுதிக் கொடுத்தான். அதை ஓட்டுவதற்காகவே, கொள்ளுப்பிட்டிக் கம்பனிக் கந்தோர் ஒன்று கழித்துவிட்ட இந்தப் பழைய, பாரமான பெட்டியை றமேஷ் தேடிப் பிடித்துக் கொடுத்திருந்தான்.

அவன் வயர்களைப் பொருத்தித் திரையை ஏற்றினான். டாஸ்க் மனேஜரைத் திறந்தான். வேலைக்கு ஏற்ப ஏறி இறங்கும் கோடுகள் வந்தன. அதன் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி.

“சொக்கெட் ஒண்டு எண்டு போட்டிருக்கு,” என்றான் மெதுவாக.

“அப்பிடியெண்டா?”

“சொக்கெட் எண்டா புரொசசர் இருக்கிற இடம். உள்ளுக்க ரெண்டு இருக்கு. விண்டோஸ் ஒண்டைத்தான் எடுத்திருக்கு.”

வேறொரு பக்கத்தைத் திறந்து பார்த்தவன், உதட்டைக் கடித்துக்கொண்டான்.

“என்ர பிழை அன்ரி. வீட்டுக்கு எண்டு கேட்டு வாற எல்லாருக்கும் ஹோம் எடிஷன்தான் போடுறனான். கை பழகிப் போச்சு. உங்கடையும் வீட்டுக்குத்தானே எண்டு அதையே போட்டிட்டன். ஹோம் எடிஷன் ஒரு புரொசசருக்கு மேல சேர்க்காது. மற்றது உள்ளுக்க இருந்தும் இல்லாத மாதிரித்தான்.”

“ஒராள் குறையுது எண்டு அது சொல்லாதோ?”

“சொல்லாது. அதுக்குக் குறையுது எண்டே தெரியாது.”

யூஜினா கதிரையை இழுத்து உட்கார்ந்தாள்.

றமேஷ் பெட்டியின் பக்க மூடியைக் கழற்றினான். உள்ளே, வெப்பத்தை இழுக்கும் இரண்டு அலுமினியக் கட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

“தொட்டுப் பாருங்கோ. இந்தப் பக்கத்தை.”

விரலை வைத்தாள். சூடு.

“இப்ப மற்றதை.”

வைத்தவள் உடனே கையை இழுத்துக்கொண்டாள். பிரேத வீடுகளில் கடைசியாகக் கும்பிடும்போது நெற்றியைத் தொடும் வழக்கம் உண்டு. அந்தக் குளிர் அவளுக்குத் தெரியும். தம்பிக்கு மட்டும் அப்படித் தொடுவதற்கு ஒரு பிரேதம் இருந்ததில்லை.

“முர்ஷித்திட்ட நான்தான் ரெண்டு புரொசசர் எண்டு சொன்னனான்,” என்றான் றமேஷ். “அவன் அதை நம்பிப் படங்களை ரெண்டாப் பிரிச்சிருக்கிறான். ஒற்றை எண் படம் எல்லாம் முதலாவதுக்கு. இரட்டை எண் படம் எல்லாம் ரெண்டாவதுக்கு. முதலாவது தன்ர பங்கை முடிச்சிட்டு, முடிஞ்சுது எண்டு சொல்லியிருக்கு.”

“இரட்டை எண் படங்கள்?”

“ஒண்டுகூடப் பாக்கேல்ல.”

கீழே கடற்கரைத் தண்டவாளத்தில் ரெயில் போனது. மேசைமேலிருந்த திரைகள் எல்லாம் கொஞ்சம் நடுங்கி நின்றன.

“தம்பி, உமக்கு எங்கட கோயில் முறை தெரியாது. நவம்பர் மாதம் செத்த ஆத்துமாக்களின்ர மாதம். ஒவ்வொரு வீட்டாலயும் செத்தவையின்ர பேரை எழுதிக் கவருக்குள்ள போட்டுக் குடுக்கவேணும். மாதம் முழுக்கப் பீடத்தில வச்சுப் பூசை நடக்கும். பதினாறு வருசமா நான் அவன்ர பேரை எழுதேல்ல. இந்த முறை, மெஷின் முழுப் படத்தையும் பாத்து இல்லையெண்டு சொன்னா எழுதுறன் எண்டு அவன்ர மனிசிக்கு வாக்குக் குடுத்திட்டன்.”

“எப்ப குடுக்கவேணும்?”

“வாற ஞாயிறு கடைசி. அரைவாசிதான் பாத்தது எண்டு தெரிஞ்சுகொண்டு ஒராளைச் செத்தவையோட சேர்க்கேலுமோ?”

“ஏலாது அன்ரி.”

“எழுதாம விட்டா அவளுக்குக் குடுத்த வாக்கு.”

“இண்டைக்குத் திங்கள்தானே. ப்ரோ எடிஷன் போட்டு ரெண்டையும் எழுப்பிவிடுறன். முதல் பங்குக்கு நாலு நாள் எடுத்தது. ரெண்டாவதுக்கும் அப்பிடித்தான் வரும். வெள்ளிக்கிழமை உங்களுக்குச் சொல்லுவன். பெட்டி இஞ்சையே நிக்கட்டும்.”

பெட்டி அணைந்து திரும்ப எழும்பியபோது உள்ளே ஒரு விசிறி முனகிக்கொண்டு சுற்றத் தொடங்கியது. அதுவரை யூஜினா கேட்டிராத சத்தம். திரையில் சின்ன எழுத்தில் சொக்கெட் இரண்டு என்று இருந்தது.

“கண்டுகொண்டுது,” என்றான் றமேஷ்.

அவள் படியிறங்கிப் போன பிறகும் அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை பின்னேரம், வத்தளையிலிருந்து மரியகொறற்றி யூஜினாவின் வீட்டுக்கு வந்தாள். பிறெடியின் மனைவி. திருமணமாகி இரண்டே வருடத்தில் அவனைத் தொலைத்தவள். இப்போது நாற்பத்தாறு. தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளராக இருக்கிறாள். கோயில் கொடுத்த கவரையும் தானே வாங்கிக்கொண்டு வந்திருந்தாள்.

“எழுதுவமோ மச்சாள்?”

“இல்லை. மெஷின் அரைவாசிதான் பாத்திருக்கு.”

“முதல்ல கண்ணில கற்றரக்ட் எண்டீங்கள். இப்ப மெஷினுக்குக் கற்றரக்ட்.”

“நக்கலடியாதை கொறற்றி.”

“பின்ன என்ன? பூசையில செத்தவையின்ர பேர் வாசிக்கேக்க அவற்ற பேர் வராது. உயிரோட இருக்கிற ஆக்களுக்கு மன்றாடேக்கயும் வராது. ரெண்டு பக்கத்திலயும் இல்லாத ஆளுக்கு நான் எங்க முழந்தாள்படியிட? பக்கத்து வாங்கில இருக்கிறவள், ‘உங்கட மனிசன் எங்க?’ எண்டு கேட்டா, பதினாறு வருசமா ‘வெளியில போட்டார்’ எண்டு சொல்லுறன். கடைக்குப் போன மாதிரி.”

“நாளைக்குத் தெரிஞ்சிடும்.”

“நாளைக்கு இல்லையெண்டா?”

“எழுதுவன்.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

மரியகொறற்றி கவரை மேசைமேல் வைத்து அதன்மேல் பேனாவையும் வைத்தாள். அன்று அவள் வத்தளைக்குத் திரும்பவில்லை.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கே றமேஷ் போன் எடுத்தான்.

“அன்ரி, ஒருக்கா வாங்கோ.”

“இருக்கோ, இல்லையோ? அதைச் சொல்லும்.”

“வாங்கோவன்.”

“தம்பி!”

“போனில சொல்ல எனக்கு விருப்பமில்லை அன்ரி. தனிய வரவேண்டாம். யாரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ.”

அவர்கள் போனபோது கடையின் இரும்புக் கதவு பாதிக்கு இறக்கியிருந்தது. குனிந்து உள்ளே போனார்கள். திரையைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தான் றமேஷ். அவன் முகம் சவரம் செய்யாமல் கிடந்தது.

“ஏன் உதைத் திருப்பி வச்சிருக்கிறீர்?”

“சும்மா அன்ரி. வாற போற ஆக்கள் பாப்பினம்.”

“கடையையே பூட்டி வச்சுக்கொண்டு, வாற போற ஆக்களோ?” என்றாள் மரியகொறற்றி.

றமேஷ் இரண்டு கதிரைகளைத் துடைத்துப் போட்டான்.

“முதலாவது, திங்கட்கிழமை ராத்திரியே வந்தது. பிழை எண்டு நினைச்சுப் பேசாம இருந்திட்டன். அடுத்த நாள் ரெண்டாவது. இப்ப ஏழு.”

“ஏழு முகமோ?”

“ஏழு படம். ஒரே முகம்.”

யூஜினா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். “உயிரோட இருக்கிறான்,” என்றாள்.

“பாத்திட்டுச் சொல்லுங்கோ அன்ரி.”

திரையைத் திருப்பினான். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு படங்கள். 2009ஆம் ஆண்டுத் திருநாள். புனிதரின் சொரூபம் வைத்த கூடு வீதியில் வருகிறது. சனம்.

“இராஜநாயகம் ஐயா எதையும் ரெண்டு தரம் எடுக்கிறவர் போல. கண்ணைச் சிமிட்டினாலும் மற்றதில சரி வரும் எண்டு. கிட்டத்தட்ட எல்லாப் படமும் சோடியாத்தான் இருக்கு. இது 3117. இது 3118. நேரத்தைப் பாருங்கோ. இது ஐந்து நாற்பத்திரண்டு, எட்டுச் செக்கன். அது ஒன்பது செக்கன்.”

முதல் படத்தில், வெளிச்சக் கம்பத்தின் பக்கத்தில் ஒரு ஆள் நிற்கக்கூடிய இடம் வெறுமையாக இருந்தது. ஒரு சிறுமி ஐஸ்பழத்தை வாயில் வைத்திருந்தாள். ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். இரண்டாவது படத்தில் அதே சிறுமி, அதே ஐஸ்பழம், அதே கிழவர். வெளிச்சக் கம்பத்தின் பக்கத்தில் பிறெடி நின்றான்.



“நடந்து வந்திருப்பான்,” என்றாள் யூஜினா.

“ஒரு செக்கனில அன்ரி? அந்தச் சனத்துக்குள்ளால? ஒருத்தரும் விலகேல்ல, பாருங்கோ. ஒருத்தற்ற தோளும் அசையேல்ல.”

“அடுத்ததைக் காட்டும்.”

2011. 2013. 2016. ஒவ்வொன்றிலும் ஒற்றை எண் படத்தில் வெற்றிடம். ஒரு செக்கன் கழித்து இரட்டை எண் படத்தில் அவன். நீலக் கட்டம் போட்ட சேட்டு. காற்றில் கொடிகள் எல்லாம் கடல் பக்கமிருந்து அடித்துப் பறந்தன. பெண்களின் சேலைத் தலைப்பும் அப்படியே பறந்தது. அவன் தலைமயிர் மட்டும் நெற்றியில் ஒட்டிக் கிடந்தது.

“மெஷின் பிழையோ? ரெண்டாவது மூளை குழப்புதோ?” என்று யூஜினா கேட்டாள். அவள் குரல் கெஞ்சியது.

“அதைத்தான் நானும் முதல்ல யோசிச்சன். இந்த ஏழையும் பிரிச்செடுத்து முதலாவது புரொசசருக்குக் குடுத்துப் பாத்தன். அதுவும் ஓம் எண்டுதான் சொல்லுது. பிறகு பெட்டியையே விட்டிட்டு என்ர லப்டொப்பில போட்டுப் பாத்தன். அதுவும் ஓம். புரொசசரில பிழையில்லை. முதல் தரம் அது இந்தப் படங்களைப் பாக்கேல்ல. அவ்வளவுதான்.”

மரியகொறற்றி எழுந்து திரைக்குக் கிட்டப் போனாள். அவள் மூச்சு கண்ணாடியில் பட்டது.

“தம்பி, இதைப் பெருப்பியுங்கோ. தோளை.”

பெருப்பித்தான்.

“நனைஞ்சிருக்கு,” என்றாள்.

“வேர்வையாக்கும்.”

“இல்லை. அண்டைக்கு மழை. குடை கொண்டு போங்கோ எண்டு சொன்னனான். ‘பஸ்ஸிலதானே, என்ன குடை’ எண்டிட்டுப் போனவர்.” விரலால் திரையைத் தொடப்போய்த் தொடாமல் நிறுத்தினாள். “எல்லாத்திலயும் நனைஞ்சிருக்கோ?”

“ஏழிலயும்.”

“நான் நாற்பத்தாறு. இவருக்கு ஒரு நரை இல்லை.”

யூஜினா அதைக் கேட்காததுபோல, “மிச்சத்தைக் காட்டும்,” என்றாள்.

2018. 2022. அப்போதுதான் யூஜினாவுக்கு அது பிடிபட்டது. முதற் படத்தில் தான் எங்கே நின்றாள் என்று அவள் தேடிப் பார்க்கவில்லை. இப்போது பார்த்தாள். 2009இல் அவள் வீதியின் மறுகரையில், மெழுகுதிரியோடு நின்றாள். 2013இல் அவனுக்கும் அவளுக்கும் இடையே ஒரு பத்துப் பேர். 2018இல் மூன்று பேர். 2022இல் ஒருவர்.

“கடைசியைப் போடட்டோ?” என்று றமேஷ் கேட்டான். “இது மூண்டு படம். மூண்டாவது மெஷின் எடுத்ததில்லை, நான் தேடி எடுத்தது.”

“போடும்.”

இந்த வருடத் திருநாள். 81,903. யூஜினா வெள்ளைச் சேலையோடு கூட்டைப் பார்த்துக் கைகூப்பி நிற்கிறாள். பின்னால் சுவர். 81,904. அவள் அப்படியே நிற்கிறாள். பின்னால், இடது தோளுக்கு மேலே, பிறெடியின் முகம். வாய் கொஞ்சம் திறந்திருக்கிறது. கை தோளை நோக்கி எழும்பியிருக்கிறது. 81,905. யூஜினா திரும்பிச் சுவரைப் பார்க்கிறாள்.

“ஆரோ தட்டின மாதிரி இருந்தது,” என்றாள் யூஜினா. “திரும்பிப் பாத்தன். ஒருத்தருமில்லை. சனம் இடிச்சிருக்கும் எண்டு நினைச்சன். பின்னால சுவர் எண்டு இப்பதான் தெரியுது.”

அவள் இடது தோளைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். பிறகு கைப்பையிலிருந்து போனை எடுத்தாள்.

“ஆருக்கு மச்சாள்?”

“எடுத்த மனிசனுக்கு.”

இராஜநாயகம் இரண்டாவது மணியிலேயே எடுத்தார். யூஜினா போனைச் சத்தமாக வைத்து மேசையில் போட்டாள்.

“அண்ணை, நான் யூஜினா. திருநாள் படங்கள் பாத்துக்கொண்டிருக்கிறன்.”

“ம்.”

“ஏன் அண்ணை எல்லாத்தையும் ரெண்டு தரம் எடுத்தனீங்கள்?”

“அது பழக்கம் பிள்ளை. எங்கட ஆக்கள் கமராவைக் கண்டாக் கண்ணை மூடுவினம்.”

“ரெண்டாவதைப் பாக்கிறேல்லையோ?”

அந்தப் பக்கத்தில் எங்கோ ஒரு குழாயிலிருந்து தண்ணீர் விழும் சத்தம் வந்தது.

“அண்ணை?”

“இருக்கிறன். முந்திப் பாக்கிறனான். 2011க்குப் பிறகு பாக்கிறேல்ல. முதலாவதை மட்டும் எடுத்து அல்பத்துக்குக் குடுப்பன்.”

“ஏன் எனக்குச் சொல்லேல்ல?”

“என்னெண்டு சொல்ல பிள்ளை? உன்ர தம்பியைக் கண்டன் எண்டு சொன்னா, எங்கை எண்டு கேட்பாய். கமராக் கண்ணால பாக்கேக்க அங்க ஒருத்தருமில்லையே. நான் என்ன சொல்லுறது? அதாலதான் வேலையை விடேக்க முழு டிஸ்க்கையும் உன்னட்டைத் தந்தன். நீயாக் கண்டாச் சரி எண்டு.”

“காணாட்டி?”

“காணாட்டியும் சரி எண்டு நினைச்சன்.” அவர் மூச்சு வாங்கியது. “கண்டிட்டியோ?”

“கண்டிட்டன்.”

“எவ்வளவு கிட்ட வந்திட்டான்?”

யூஜினா போனை அணைத்தாள்.

றமேஷ் ப்ளேன்ரீ வாங்கிவருவதாகச் சொல்லிக் கதவின் கீழால் குனிந்து வெளியே போனான். போகிற போக்கில் திரையை அணைத்துவிட்டான். பெட்டி மட்டும் அணைந்திருக்கவில்லை. இரண்டு விசிறிகளும் ஓடிக்கொண்டிருந்தன.

யூஜினா கைப்பையிலிருந்து கோயில் கவரை எடுத்துப் பெயர் எழுதும் தாளை வெளியே இழுத்தாள். அதில் முதல்நாள் இரவே எழுதிய நான்கு பெயர்கள் இருந்தன. அப்பா, அம்மா, சின்னம்மா, பிறந்த கிழமையிலேயே செத்த ஒரு அண்ணன். ஐந்தாவது கோட்டின்மேல் பேனாவை வைத்தாள்.

மரியகொறற்றி தாளின்மேல் கையை வைத்து மூடினாள்.

“எழுதாதேங்கோ.”

“என்ன?”

“எழுதவேண்டாம் மச்சாள்.”

“பதினாறு வருசமா எழுது எழுது எண்டு என்ர உயிரை எடுத்தவள் ஆர்?”

“நான்தான். அப்ப அவர் ஒரு இடத்திலயும் இல்லை. இப்ப இருக்கிறார்.”

“எங்க இருக்கிறான்? ஒரு செக்கனுக்குள்ள இருக்கிறான்.”

“அந்த ஒரு செக்கன் எனக்குப் போதும். வருசத்தில ஒருநாள், ஒரு செக்கன். எனக்கு அதுகூட இதுவரைக்கும் இருக்கேல்ல. பேரை வாசிச்சுப் பூசை வச்சா, அடுத்த திருநாளுக்கு வரமாட்டார்.”

“வராட்டி நல்லம்.”

“நீங்கள் சகோதரமோ, கல்லோ?”

யூஜினா பேனாவைக் கீழே வைத்தாள். கோபப்படவில்லை. மரியகொறற்றியின் கையைத் தாளிலிருந்து எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

“கொறற்றி, அவன் உன்னைப் பாக்க வரேல்ல. ஏழு படத்திலயும் நீ ஒண்டில இருக்கிறியோ? நீ ஒவ்வொரு வருசமும் முன்வரிசையில, கூட்டுக்குப் பக்கத்தில நிக்கிறனி. உன்னட்டை வாறதெண்டா முதல் வருசமே வந்திருப்பான். என்னட்டைத்தான் வாறான். ஏனெண்டா, எழுதவேண்டிய ஆள் நான். நான்தான் எழுத மாட்டன் எண்டு நிண்டனான்.”

மரியகொறற்றியின் வாய் கோணியது.

“பதினாறு வருசமா அந்த ஈரச் சேட்டோட நிக்கிறானடி. வெயிலுக்குள்ள நிண்டும் காயேல்ல. பத்துப் பேரைத் தாண்டி, மூண்டு பேரைத் தாண்டி, கடைசியாத் தட்டியும் பாத்திட்டான். நான் திரும்பிச் சுவரைப் பாத்திட்டு, முன்னுக்குத் திரும்பிக் கும்பிட்டுக்கொண்டு நிண்டிருக்கிறன். இன்னும் ஒரு வருசம் அவனை நிக்க வைக்கச் சொல்லுறியோ?”

“என்ன கேட்க வாறார் எண்டு உங்களுக்கு என்னெண்டு தெரியும்? உயிரோட இருக்கிறன் எண்டு சொல்ல வந்தாரோ?”

“உயிரோட இருக்கிறவன் நரைப்பான்.”

மரியகொறற்றி அழத் தொடங்கினாள். சத்தமில்லாத அழுகை. யூஜினா அவள் அழுது முடியும்வரை கையை விடவில்லை. பிறகு ஒரு கையை மட்டும் எடுத்துப் பேனாவைத் தேடினாள்.

“நீயும் பிடி,” என்றாள்.

“என்ன?”

“பேனையைப் பிடி. தனிய எழுதினா நான் உனக்குச் செய்தது போல இருக்கும்.”

இரண்டு கைகள் பிடித்த எழுத்து கோணல்மாணலாக வந்தது. செபஸ்ரியான் பிறெடி. கடைசி எழுத்து கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. மை காயும்வரை இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யூஜினா மடித்துக் கவருக்குள் வைத்து ஓரத்தை நாக்கால் நனைத்து ஒட்டினாள்.

றமேஷ் பிளாஸ்டிக் கப்புகளோடு வந்தபோது அவர்கள் எழுந்துவிட்டார்கள்.

“அன்ரி, அந்த ஏழையும் பிரிண்ட் எடுத்துத் தரட்டோ?”

யூஜினா மரியகொறற்றியைப் பார்த்தாள்.

“வேண்டாம் தம்பி,” என்றாள் மரியகொறற்றி. “உங்கட லப்டொப்பில இருக்கிறதையும் அழிச்சு விடுங்கோ.”

“பெட்டி?”

“நிக்கட்டும். பிறகு பாப்பம்,” என்றாள் யூஜினா. கவரைச் சேலைச் சட்டைக்குள் செருகிக்கொண்டாள். “ஞாயிறு வரைக்கும் வச்சிருக்க மாட்டன். இண்டைக்கே சுவாமியிட்டைக் குடுக்கப் போறன்.”

காலி வீதியில் பஸ் வந்தபோது கூட்டம் அதிகமில்லை. மூன்று பேர் உட்காரும் ஆசனம் ஒன்று வெறுமையாக இருந்தது. யூஜினா யன்னலோரம் இருந்தாள். மரியகொறற்றி மறு ஓரத்தில் இருந்தாள். நடுவில் கைப்பையைக்கூட வைக்கவில்லை.

பம்பலப்பிட்டியில் ஒரு பெரியவர் பிரம்புக் கூடையோடு ஏறினார். பஸ் உலுக்க உலுக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்து அவர்களுக்குப் பக்கத்தில் நின்றார். நடு இடத்தைக் காட்டி, ஆள் இருக்கிறதா என்று சிங்களத்தில் கேட்டார்.

மரியகொறற்றி யூஜினாவைப் பார்த்தாள்.

யூஜினாவின் சேலையின் இடது பக்கம் தோளிலிருந்து முழங்கைவரை ஈரமாக இருந்தது. வெளியே வெயில் எரித்துக்கொண்டிருந்தது. அவள் தோளை நகர்த்தவில்லை.

“இருக்கு ஐயா,” என்றாள் சிங்களத்தில். “கொட்டாஞ்சேனை வரைக்கும்தான்.”